மூக்கின் குற்றமா, கடலின் குற்றமா?

மன்னார்க் கரையோரத்திலே ஒரு சிறு கிராமம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு விருந்தினராக நாம் அங்குச் சென்றிருந்தோம். பிற்பகல் வேளை. உண்டு களைதீர அமர்ந்திருந்தபோது அயல் வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது. யாவரும் எழுந்து ஓடினோம்.

அன்று காலை கடலட்டை பிடிக்கச் சென்று திரும்பிய இளைஞர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருடைய வலக் கன்னமும், மேலுதட்டின் வலப்பாதியும் மரத்துப்போய்விட்டன. கிள்ளினாலும் உணர்வில்லை. மூக்கின் ஓரத்தில் உலர்ந்த இரத்தம் சிறிது ஒட்டியிருந்தது. தாயாரோ, "என் பிள்ளையைப் பாரிசவாதம் பிடித்துவிட்டதே!" எனத் தலையில் அடித்து அழுதார். அங்கு நின்ற மற்றொருவர், "ஒன்றுமில்லை அக்கா, மூன்று நாளாகத் தம்பிக்குத் தடிமன். இது பீனிசம். ஆவி பிடித்தால் போய்விடும்" என்றார். மூன்றாமவர், "அப்படிச் சொல்லாதே, சிலிண்டரோடு மூன்று தரம் இறங்கியிருக்கிறான். வாயு அடித்துவிட்டது" என்றார்.

இளைஞரின் தகப்பனார் சங்குகுளித்து முதுமையடைந்தவர். அவர் மகனின் முகத்தை நெடுநேரம் உற்று நோக்கிவிட்டுச் சொன்னார்: "மூக்கின் குற்றமோ கடலின் குற்றமோ, எனக்குத் தெரியாது. தெரியாதபடியால் இப்போதே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவோம்."

அந்த ஒரு வாக்கியத்திலே அடங்கியிருந்த அறிவு எத்துணைப் பெரிது என்பதைப் பின்னரே நாம் உணர்ந்தோம். ஆழ்கடலில் மூழ்கி எழுவோருக்கு உண்டாகும் கொடிய நோய்களும், மூக்கை அடுத்துள்ள காற்றறைகளில் உண்டாகும் கோளாறுகளும் சிலவேளைகளில் ஒன்றுபோலவே தோற்றம் தருகின்றன. ஒன்றை மற்றொன்றெனக் கொண்டால் விளைவது வீண் அச்சமாகவும் இருக்கலாம். வாழ்நாள் முழுதும் தீராத ஊனமாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பற்றி ஈண்டுச் சிறிது நோக்குவோமாக.

எலும்புக்குள் காற்று

நமது முகவெலும்புகள் முற்றும் திண்ணியவையல்ல. அவற்றுள்ளே காற்று நிறைந்த வெற்றறைகள் நான்கு சோடி உண்டு. கன்னங்களின் உள்ளே ஒரு சோடி. புருவங்களுக்கு மேலே நெற்றியெலும்பில் ஒரு சோடி. இரு கண்களுக்கும் இடையே தேன்கூடு போன்ற சிற்றறைகளின் தொகுதியாக ஒரு சோடி. மூக்கின் பின்னே, மூளையின் அடித்தளத்தை ஒட்டி, மிக ஆழத்தில் ஒரு சோடி. இவற்றையே வைத்தியர்கள் சைனஸ் என்கின்றனர். கன்னத்திலுள்ள அறையை 1651ஆம் ஆண்டிலே நதானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில வைத்தியர் தமது உடற்கூற்று நூலில் விளக்கியமையால், அது நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று.

இவ்வறைகள் ஒவ்வொன்றும் சிறு துவாரமொன்றினால் மூக்கின் உட்புறத்தோடு தொடர்புற்றுள்ளது. அத்துவாரத்தின் அகலம் சில மில்லிமீற்றரே. அறையின் உட்சுவரைச் சீதமென்சவ்வு போர்த்தியிருக்கின்றது. அதில் ஊறும் சளி துவாரத்தின் வழியே இடையறாது வடிந்துகொண்டிருக்கும். தடிமன் பிடிக்கும்போது சவ்வு வீங்குகின்றது, வழி அடைபடுகின்றது, சளி உள்ளே தேங்குகின்றது. கன்னத்து அறையின் துவாரமோ அடியில் இல்லாது மேற்பாகத்தில் அமைந்திருப்பதால், நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு அது எளிதில் வடிவதில்லை. நம்மவர் பீனிசம் எனக் கூறும் தொல்லை இவ்வாறே பிறக்கின்றது. குனிந்தால் மண்டையிடி, கன்னத்தில் பாரம், மேற்பற்களில் வலி ஆகியன அதன் அறிகுறிகள்.

தரையில் வாழ்பவருக்கு இது தொல்லை மட்டுமே. கடலின் அடியிற் செல்பவருக்கோ வேறு கதை.

குவளையும் கபாலமும்

மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையொன்றை வாய் கீழாகக் கவிழ்த்து, நீர் நிறைந்த தொட்டியில் அமிழ்த்துங்கள். உள்ளிருக்கும் காற்றை நீர் சிறிது மேலே தள்ளுவதைக் காண்பீர்கள். அக்குவளையைக் கடலிற் பத்து மீற்றர் ஆழத்துக்குக் கொண்டு சென்றால், நீர் பாதிக் குவளைக்கு ஏறிவிடும். இருபது மீற்றரில் காற்றின் கனவளவு மூன்றில் ஒரு பங்காகும். முப்பது மீற்றரில் நான்கில் ஒரு பங்காகும். கடல் மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அமுக்கம். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஏறக்குறைய மேலும் ஒரு வளிமண்டல அமுக்கம் சேர்கின்றது. அமுக்கம் கூடும் அளவுக்குக் காற்றின் கனவளவு குறையும் என்னும் இவ்விதியை ரொபேட் போயில் 1662இல் வெளியிட்டார்.

குவளையிலே நீர் ஏறி இடத்தை நிரப்பிற்று. எலும்பறையிலே எது ஏறும்? துவாரம் திறந்திருந்தால், சுவாசிக்கும் காற்று உட்புகுந்து அமுக்கத்தைச் சமன்செய்துவிடும், தொல்லையில்லை. துவாரம் அடைபட்டிருந்தாலோ, எலும்பு சுருங்காது. உள்ளிருக்கும் காற்று மட்டும் சுருங்கும். வெற்றிடத்தை நிரப்ப உடலிடம் இருப்பது இரண்டே பொருள்கள். சவ்வு வீங்கி இடத்தை நிரப்பும். அதுவும் போதாவிடின், நுண்ணிய குருதிக்குழாய்கள் வெடித்து இரத்தம் கசிந்து நிரப்பும். நெற்றியில் ஊசியால் குத்துவது போன்ற கடும் வலி அப்போது தோன்றும். மூழ்குவோரின் காற்றறைக் காயங்களுள் நெற்றியறையில் உண்டாவதே மிகுதி.

பின்னர் அவர் மேலே வருகின்றார். சுருங்கிய காற்று விரிகின்றது. கசிந்த இரத்தத்தை அது மூக்கின் வழியே வெளியே தள்ளுகின்றது. வள்ளத்தில் ஏறி முகக்கண்ணாடியைக் கழற்றும்போது அதன் அடியில் இரத்தம் கிடக்கும். வலியோ அதற்குள் தணிந்திருக்கும்!

இதற்கு மாறாகவும் நிகழ்வதுண்டு. இறங்கும்போது திறந்திருந்த வழி, கடலடியில் அடைபட்டுவிடலாம். மூக்கினுள் வளரும் மென்தசை கதவுபோல் மூடிக்கொள்வதாலும், காலையில் இட்ட மூக்குத் துளிமருந்தின் வேகம் ஆழத்தில் இருக்கும்போதே தீர்ந்துவிடுவதாலும் இவ்வாறு நேரிடும். அப்போது மேலே எழும் வேளையிலே அறையினுள் காற்று விரிந்து, வெளியேற வழியின்றிச் சுற்றிலுமுள்ள எலும்பையும் நரம்பையும் நெரிக்கும்.

முத்துக்குளித்தோர் கண்ட இரத்தம்

இஃது எமது கடலுக்குப் புதியதன்று. மன்னார்க் குடாவின் முத்துப் பார்களிலே கல்லைக் காலிற் கொண்டு, மூச்சையடக்கி, ஐந்து பாகம் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கியோர் நம் முன்னோர். 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூலெழுதிய ரொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, குளித்து எழுந்தோரின் வாய், மூக்கு, காது ஆகியவற்றிலிருந்து நீரும் பலவேளைகளில் இரத்தமும் வடிந்தன எனவும், அவ்வாறிருந்தும் அவர்கள் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது தடவை வரை இறங்கினர் எனவும் குறித்துள்ளார். கடும் முயற்சியின் விளைவே அவ்விரத்தம் என அவர் கருதினார். காற்றறைகளிலும் காதுகளிலும் ஏற்பட்ட அமுக்கக் காயமே அதற்குப் பெரும்பாலும் காரணமாயிருந்திருக்க வேண்டும் என்பதை இன்றைய வைத்திய அறிவு காட்டுகின்றது. யாரோ ஒரு சீமாட்டியின் கழுத்தை அழகுசெய்த முத்துக்கு, யாரோ ஒரு ஏழைத் தொழிலாளியின் மூக்கிரத்தம் விலையாயிற்று என்க.

சோடாப் போத்தலின் பாடம்

நிற்க. மூக்கின் கதை இதுவானால், கடலின் கதை யாது?

காற்றுச் சிலிண்டரைத் தாங்கி மூழ்குபவர், தம்மைச் சூழ்ந்த நீரின் அமுக்கத்துக்குச் சமனான அமுக்கமுள்ள காற்றையே சுவாசிக்கின்றார். காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைதரசன். அமுக்கம் கூடக்கூட அந்நைதரசன் குருதியிலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகின்றது. கடலடியில் நெடுநேரம் தங்கிவிட்டு விரைந்து மேலே எழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிலே குமிழிகள் கிளம்புவதுபோல, உடலினுள்ளும் நைதரசன் குமிழிகள் கிளம்புகின்றன. மூட்டில் தங்கினால் தாங்கொணா வலி. தோலில் தங்கினால் அரிப்பும் பளிங்குக்கல் போன்ற நிறமாற்றமும். முண்ணாணில் தங்கினால் கால்கள் விழும், சிறுநீர் கட்டும். இதனை அமுக்கத்தளர்வு நோய் என்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, ஆற்றடியில் பாலத்தின் அடித்தளம் அமைப்பதற்காக அமுக்கிய காற்று நிறைந்த அறைகளில் வேலைசெய்த தொழிலாளர் பலர் இந்நோயால் முடமாயினர், சிலர் இறந்தனர். நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் றோப்ளிங் 1872இல் இந்நோய்க்கு ஆளாகிப் பின்னர் தம் வீட்டிலிருந்தபடியே பணியை நடத்த நேர்ந்தது. நைதரசன் குமிழிகளே இதன் காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் 1878இல் வெளியிட்ட தம் பெருநூலில் நிறுவினார். மூழ்குவோர் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தரித்து, படிப்படியாக எவ்வாறு மேலே வரவேண்டும் என்னும் அட்டவணையை பிரித்தானிய அறிஞர் ஹோல்டேன், ஆடுகளை அமுக்க அறையில் வைத்து ஆராய்ந்து, தம் துணைவருடன் 1908இல் வெளியிட்டார். இன்றைய அட்டவணைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

மூச்சையடக்கி மூழ்குவோருக்கும் இந்நோய் அறவே வாராது எனக் கருதலாகாது. பசிபிக் கடலிலுள்ள துவாமோத்துத் தீவுகளில், நாள்முழுதும் மீண்டும் மீண்டும் பேராழத்துக்கு இறங்கிய முத்துச்சிப்பி குளிப்போரிடையே தலைச்சுற்றும் கைகால் வழங்காமையும் கண்டதாக 1960களில் விரிவாக எழுதப்பட்டது. அத்தீவினர் அதனைத் தரவானா என்பர்.

இதனினும் விரைவாகக் கொல்லக்கூடியது மற்றொன்றுண்டு. மூச்சை வெளிவிடாது மேலே எழுபவரின் நுரையீரலில் காற்று விரிந்து அதனைக் கிழிக்கும். கிழிந்த வழியே காற்றுக்குமிழிகள் குருதியிற் கலந்து மூளைக்குச் செல்லும். நீர்மட்டத்தை அடைந்த சில நிமிடங்களுள்ளேயே மயக்கம், ஒருபக்க வாதம், வலிப்பு ஆகியன தோன்றும்.

வேடமிடும் நோய்கள்

இப்போது இரு கதைகளும் சந்திக்கும் இடத்துக்கு வருகின்றோம். மூக்கை அடுத்த கோளாறு கடல்நோயின் வேடம் பூணுவது எவ்வாறு?

முதலாவது, மரத்துப்போகும் கன்னம். கண்ணின் கீழ், கன்னத்து அறையின் கூரை வழியே உணர்ச்சி நரம்பொன்று ஓடுகின்றது. கீழிமை, கன்னம், மூக்கின் பக்கம், மேலுதடு, மேற்பற்கள் ஆகியவற்றின் உணர்வு அதனைச் சார்ந்தது. அறையினுள் காற்றோ இரத்தமோ தேங்கி நெரித்தால் அந்நரம்பு செயலிழக்கும். கடலிலிருந்து வந்தவரின் முகம் மரத்துப்போயிற்று என்றால், மூளையிலே குமிழி சென்று தங்கிவிட்டதோ என வைத்தியரும் ஐயுறுவர். ஐயுறுவதே முறை.

இரண்டாவது, துப்பும் இரத்தம். காற்றறையிற் கசிந்த இரத்தம் மூக்கின் பின்வழியாகத் தொண்டைக்கு இறங்கும். அதனைக் காறித் துப்பும்போது, நுரையீரல் கிழிந்து வந்த இரத்தமோ எனத் தோன்றும்.

மூன்றாவது, தலையிடி. ஆழத்திலுள்ள பின்னறை அழற்சியுற்றால் உச்சந்தலையிலும் கண்ணின் பின்னும் கடும் வலி உண்டாகும். பார்வை நரம்பு அதனை ஒட்டிச் செல்வதால், பார்வை மங்குதலும், பொருள்கள் இரண்டாகத் தெரிதலும் கூட நேரலாம். மூக்கிலே சளியும் இராது. கன்னத்திலே வலியும் இராது. கடலிற் குளித்து வந்த ஒருவருக்கு இவ்வறிகுறிகள் தோன்றினால், குமிழிநோய் என்றே எவரும் எண்ணுவர்.

நான்காவது, காதின் விளையாட்டு. தடிமன் மூக்கோடு நிற்பதில்லை. மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் ஊத்தேக்கியாவின் குழாயையும் அடைக்கின்றது. மேலே எழும்போது ஒரு காது திறந்து மறுகாது அடைபட்டிருந்தால், உலகமே சுழல்வதுபோலத் தலை சுற்றும். சில நிமிடங்களில் தெளியும். நடுக்காதினுள் காற்று விரிந்து அதனூடே செல்லும் முகநரம்பை நெரித்தால், வாய் ஒருபுறம் கோணும், இமை மூடாது. பார்ப்பவர்க்கு இது பாரிசவாதமே! ஆயினும் அமுக்கம் நீங்கியதும் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே முகம் பழைய நிலையை அடையும்.

வைத்தியர் கேட்கும் வினாக்கள்

இவற்றைப் பிரித்தறிய வைத்தியர் முதலில் நாடுவது கருவிகளை அன்று, கேள்விகளையே.

எப்போது தொடங்கிற்று? இறங்கும்போதோ எழும்போதோ நீரினுள்ளேயே வலி தொடங்கியிருந்தால், காற்றறையின் மேல் ஐயம் விழும். அமுக்கத்தளர்வு நோயோ பெரும்பாலும் வெளியே வந்தபின் தோன்றுவது; பலருக்கு முதல் ஒரு மணி நேரத்துள், ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு நாளைக்குள்.

எங்கே? ஒரேயொரு நரம்பின் எல்லைக்குள் அடங்கி நிற்கும் மரப்பு, அந்த நரம்பு நெரிபட்டதைக் காட்டும். கையிலும் காலிலும் திட்டுத்திட்டாகப் பரவும் மரப்பும், நடையில் தளர்வும், அளவற்ற சோர்வும் குமிழியின் கைவரிசைகள்.

எவற்றோடு? தடிமன் இருந்ததா? காதை வெளிப்பிக்க முடியாது தவித்தாரா? கன்னத்தை அழுத்தினால் நோகின்றதா? மூக்கில் இரத்தமா? இவை மூக்கைச் சுட்டும். எத்தனை தரம், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு விரைவாக எழுந்தார்? இவை கடலைச் சுட்டும். இதன் பின்னரே எக்ஸ்ரே, சீ.ரி. ஸ்கான் முதலியன அறையினுள் தேங்கிய நீரையும் இரத்தத்தையும் காட்டி உதவுகின்றன.

ஆனால் இங்கே இரு பொறிகள் உள. கன்னத்து அறையிலே இரத்தம் இருப்பது தெளிவானதால் முண்ணாணிலே குமிழி இல்லை என்று ஆகிவிடாது. ஒரே மனிதனை ஒரே நாளில் இரண்டும் பற்றலாம். அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. ஐயத்தின் பேரில் நோயாளியை அமுக்க அறையினுள் வைத்து அமுக்கத்தைக் கூட்டும்போது, குமிழிநோயின் வலி தணிவது போலவே, காற்றறையில் அகப்பட்ட காற்றும் சுருங்குவதால் அதன் வலியும் தணியும்! தணிந்தது ஒன்றையே சான்றாகக் கொண்டால் தீர்ப்புத் தவறிவிடும். அறையின் வழி முற்றாக அடைபட்டவருக்கோ, அமுக்கம் கூடும்போது வலி மிகவும் செய்யலாம். ஆதலின் இத்துறையிற் பழகிய வைத்தியர்கள் ஒற்றைக் குறியை நம்புவதில்லை.

இரு தவறுகளின் நிறை

இரு தவறுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நிறையுடையன அல்ல. மூக்கின் குற்றத்தைக் கடலின் குற்றமெனக் கருதிவிட்டால், நேரமும் பணமும் போகும். வீட்டார் சில இரவுகள் உறக்கமிழப்பர். கடலின் குற்றத்தை மூக்கின் குற்றமெனக் கருதிவிட்டாலோ, போவது கால்கள்.

அதே கிராமத்தில் மற்றொருவரையும் நாம் கண்டோம். நாற்பது வயதும் நிரம்பாதவர். ஊன்றுகோலின் துணையோடு நடக்கின்றார். ஒருநாள் ஆழத்தில் நெடுநேரம் நின்று எழுந்தபோது அவருக்குத் தலையிடித்தது, கால்விரல்கள் விறைத்தன. "தடிமன் நீர் தலைக்கு ஏறிவிட்டது" என்று எண்ணி, வலிக்குளிசை விழுங்கிப் படுத்துவிட்டார். விடிந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வைத்தியசாலையை அடையும்போது ஒரு நாள் கழிந்துவிட்டது. சிகிச்சையால் ஓரளவு மீண்டார். "அன்று மத்தியானமே போயிருந்தால்…" என்று தொடங்கிய அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நாமும் முடித்துவைக்கத் துணியவில்லை.

ஆகவே மூழ்கி எழுந்தவருக்கு ஒரு நாளுக்குள் தோன்றும் எந்த மரப்பும், எந்தத் தளர்வும், எந்தத் தலைச்சுற்றும், வேறெனத் தெளியும்வரை கடல்நோயே எனக் கொள்க. மூக்குக்கு நாளையும் வைத்தியம் உண்டு, முண்ணாணுக்கு இன்றைக்கே.

வீட்டார் அறியவேண்டியவை

அத்தகையவரை உடனே தட்டையாகப் படுக்கவைத்தல் வேண்டும். தூய ஒட்சிசன் கிடைக்குமாயின் தாமதமின்றி அளித்தல் வேண்டும். முதலுதவிகளுள் அதுவே தலையானது. நினைவு தெளிவாயிருந்தால் நீர் பருகக் கொடுக்கலாம். மது ஆகாது. உருவி எண்ணெய் தேய்த்து நேரத்தைப் போக்கலாகாது. "மறுபடி தண்ணீரில் இறக்கினால் சரிவரும்" என்று சொல்வோர் எக்கடற்கரையிலும் உளர்; குளிரும் களைப்பும் மயக்கமும் சூழ்ந்த நிலையில் கடலுள் இறக்குவது நோயோடு நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்தையும் சேர்ப்பதாகும். வைத்தியரிடம் "கடலில் மூழ்கி எழுந்தவர்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அமுக்க அறை எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. எங்கே அனுப்புவது என்பதை அவர் விரைந்து தீர்மானிக்க அவ்வார்த்தை உதவும்.

மூக்கின் குற்றத்தையும் இலேசாக எண்ணவேண்டாம். தலையிடியோடு காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும், காற்றறையின் சீழ் கண்ணுக்கோ மூளைக்கோ பரவுகின்றது என ஐயுற்று அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும்.

வருமுன் காப்பதோ எளிது. தடிமன் உள்ள நாளிற் கடலில் மூழ்கலாகாது. இறங்கும்போது கால்கள் முன்னாக, மெல்ல இறங்குக. மூக்கைப் பிடித்துக் காற்றை மெதுவாக ஊதிக் காதை வெளிப்பிக்கும் முறையை இத்தாலிய அறிஞர் வல்சால்வா 1704இல் தம் நூலில் விளக்கினார். அதனை வலி தோன்றுமுன் செய்க. பலவந்தமாக ஒருபோதும் செய்யற்க. வலி தோன்றினால் சிறிது மேலே வருக. அப்போதும் தீராவிடின் அன்றைய தொழிலை நிறுத்துக. துளிமருந்து இட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது, பாதி வழியில் எண்ணெய் தீரும் விளக்கோடு காட்டுவழி செல்வதை ஒக்கும். காயமுற்ற அறை ஆறும்வரை, வைத்தியர் விடைகொடுக்கும்வரை, மீண்டும் மூழ்குதல் தகாது.

"நாம் கடலிற் குளிப்பவரல்லவே" என வாசகர் எண்ணலாம். ஆகாயவிமானத்திற் பறப்போருக்கும் இவ்விதியே. பறக்கும் விமானத்தின் உள்ளறையிற் காற்றமுக்கம் தரையிலிருப்பதிலும் குறைவு. விமானம் இறங்கும்போது அமுக்கம் கூடுகின்றது. தடிமனோடு பயணஞ்செய்வோர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தவிப்பதும், குழந்தைகள் வீரிட்டழுவதும் இதனாலேயே. கடலில் மூழ்கியவரோ, குறைந்தது பதினெட்டு மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறுதல் நன்றன்று; குறைந்த அமுக்கத்திலே உறங்கும் குமிழிகள் விழித்துக்கொள்ளும்.

அந்த இளைஞருக்கு என்ன ஆயிற்று என வினவுவீர்கள். வைத்தியசாலையில் அவருக்கு முதலில் ஒட்சிசன் அளித்தனர். பின்னர் கைகளையும் கால்களையும் நடையையும் பார்வையையும் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். ஆழ்கடல் நோய்களில் அனுபவமுள்ள வைத்தியர் ஒருவரோடு தொலைபேசியிற் கலந்தனர். இரவு முழுவதும் அருகிருந்து கவனித்தனர். குறை வேறெங்கும் காணப்படவில்லை. வலக் கன்னத்து அறை இரத்தத்தால் நிறைந்திருந்தது படத்தில் தெரிந்தது. சில நாட்களில் மரப்பு நீங்கிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று!

"பீனிசம் என்று நான் அப்போதே சொன்னேனே, வீணாக அலைந்தீர்கள்" என்று அயலவர் நகைத்தாராம். முதியவர் கோபிக்கவில்லை. "நீ சொன்னது சரியாய்ப் போயிற்று, தம்பி. பிழையாய்ப் போயிருந்தால் உன்னை யார் கேட்பது?" என்றாராம்.

அந்த வினாவுக்கு நம்மிடமும் விடையில்லை. கடலுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கரையிற் காத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அவ்வினா நினைவில் இருக்குமாயின், ஊன்றுகோல்களின் தொகை குறையும்.